சிவப்பு காலிப்பர் வாங்குறதுக்கு முன்னாடி

ஸ்போர்ட்ஸ் காரை ட்ராக்குக்கு எடுத்துட்டுப் போகணும்னு ஆசைப்படுற யார்கிட்டயாவது, "பிரேக்ல என்ன மாத்துவீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஆறு பிஸ்டன் காலிப்பர், ஓட்டை போட்ட பெரிய டிஸ்க். வீலுக்குள்ள சிவப்பா எட்டிப் பார்த்தா அழகுதான், மறுக்கல. ஆனா அந்த லிஸ்ட்ல காலிப்பர் கடைசியா வரணும்னு நான் சொல்வேன்.

காரணம் எளிது. காரை நிறுத்துறது கடைசியில டயர்தான். பிரேக்கை ஓங்கி மிதிச்சதும் ஏபிஎஸ் வேலை செய்யுதுன்னா, டயரோட பிடிமானம் தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல எத்தனை பிஸ்டன் சேர்த்தாலும் அந்த ஒரு பிரேக்கிங்ல நிற்கிற தூரம் பெருசா குறையாது.

ட்ராக்ல பிரச்சினை வெப்பம். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஓட்டுநரோட சேர்த்து 1,200 கிலோ கார், 160 கி.மீ. வேகத்துல இருந்து 60-க்கு வருது. இழக்கிற இயக்க ஆற்றல் சுமார் 10 லட்சம் ஜூல். அதுல 70 சதவீதம் முன் பிரேக்குக்குப் போகுதுன்னு வெச்சுக்கலாம். அப்ப ஒவ்வொரு முன் டிஸ்க்குக்கும் 3.5 லட்சம் ஜூல். 7 கிலோ வார்ப்பிரும்பு டிஸ்க்னா, ஒரே மிதியில ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸ் ஏறும். இருங்காட்டுக்கோட்டை மாதிரி ட்ராக்ல அடுத்த திருப்பம் வர்றதுக்குள்ள அது முழுசா ஆறாது. இப்படியே சுற்றுக்குச் சுற்று சூடு சேர்ந்துட்டே போகும்.

அந்தச் சூட்டுல எது தோற்குதுன்னு உங்க காலே சொல்லிடும். பெடல் கல்லு மாதிரி இருந்தும் கார் நிக்கலைன்னா, பேட் தன்னோட வெப்ப எல்லையைத் தாண்டிடுச்சு. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனா, பெரும்பாலும் ஃப்ளூயிட் கொதிச்சு ஆவியாயிடுச்சு. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால உங்க மிதி பேடுக்குப் போய்ச் சேராது. நேர்ப்பாதை முடியுற இடத்துல இது நடந்தா, காலிப்பர் என்ன பிராண்டுன்னு யாரும் கேட்க மாட்டாங்க.

அதனால வரிசை இப்படி இருக்கட்டும். முதல்ல ஃப்ளூயிட். டாட் 4 தரத்துல புது ஃப்ளூயிட்டோட கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி இருக்கணும். ஈரம் உறிஞ்சின பிறகு தரம் கேட்கிறதே 155 டிகிரிதான். ரெண்டு வருஷம் பழைய ஃப்ளூயிட்டோட ட்ராக்ல இறங்காதீங்க. அடுத்தது ட்ராக் பேட். முழு ரேஸ் பேட் குளிர்ந்த நிலையில சரியா கடிக்காது, அதோட காலேஜுக்கு வந்து போகாதீங்க. மூணாவது, டிஸ்க்கோட நடுப்பகுதிக்குக் காற்று கொண்டு போற குழாய்.

இதெல்லாம் செஞ்சும் சூடு தாங்கலைன்னா டிஸ்க்குக்கு வாங்க. மேலே போட்ட கணக்குல 7 கிலோவுக்குப் பதிலா 9 கிலோ போட்டுப் பாருங்க. ஏற்றம் சுமார் 85 டிகிரிதான். காசு எதுக்குக் கொடுக்கிறோம்னு இப்ப தெரியுதா? நடுவுல காற்றோட்டம் உள்ள கனமான டிஸ்க் எடுங்க. ஓட்டை போட்டது வேண்டாம்: சூடேறி ஆறி சூடேறி, ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். கோடு வெட்டின டிஸ்க் அல்லது சாதா டிஸ்க் போதும்.

காலிப்பரால பலனே இல்லைன்னு சொல்லல. நல்ல ஃபிக்ஸட் காலிப்பர் வளையாது, பேட் சமமா தேயும், பெரிய பேட் உள்ளே போகும். ஆனா முன்னாடி மட்டும் பெரிய பிஸ்டன் போட்டா, பிரேக் பங்கீடு முன்பக்கம் சாயும். பின் டயர் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது. நிற்கிற தூரம் கூடவும் செய்யலாம். அதே மாஸ்டர் சிலிண்டர்ல பெடலும் ஆழமா போகும். 2017 சுபாரு பிஆர்இசட்டோட பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜைப் பாருங்க. முன்னாடி நாலு பிஸ்டன், பின்னாடி ரெண்டு பிஸ்டன் பிரெம்போ. டிஸ்க்கும் ரெண்டு பக்கமும் பெருசு. தயாரிச்சவங்களே முன்பக்கத்தை மட்டும் மாத்தல. நீங்க கிட் வாங்கினாலும் பிஸ்டன் பரப்பைக் கேட்டு வாங்கி, பழசோட ஒப்பிடுங்க. விற்கிறவரால அந்த எண்ணைத் தர முடியலைன்னா வாங்காதீங்க.

ஃபார்முலா பாரத் டீம்ல இருக்கிற ஜூனியர்ஸுக்கும் இதேதான். பிரேக் டெஸ்ட்ல நாலு வீலும் லாக் ஆனா டார்க் போதும்னுதான் அர்த்தம். வெப்பக் கணக்கு வேற. ஸ்பான்சர்கிட்ட காலிப்பர் கேட்கிறதுக்கு முன்னாடி, டிஸ்க் ஓரத்துல வெப்பம் காட்டுற பெயின்ட் பூசி, பத்து சுற்று ஓட்டிட்டு வாங்க. பட்ஜெட்டை அதுக்கப்புறம் எழுதலாம்.