பின்னலூசியும் ஒரு சிரிப்பும்

செங்காங்கில் ரயிலேறி அமர்ந்ததும், இப்போதெல்லாம் கம்பளி பின்னத் தொடங்கிவிடுகிறேன். (குளிரே இல்லாத ஊரில் எதற்கு என்று கேட்காதீர்கள்!) சென்ற வாரம் என் பையில் ஊசிகளைக் கண்ட நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஆசிரியர், எனக்கும் கற்றுத் தருவீர்களா?" என்றான். "அது பொண்ணுங்க வேலைடா" என்றான் பக்கத்திலிருந்தவன். வகுப்பே சிரித்தது. கேட்டவனும் சேர்ந்து சிரித்தான், பிறகு கேட்கவேயில்லை.

தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் ஆண்களைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. கூலி கிடைத்தால் தொழில், கிடைக்காவிட்டால் பெண்கள் வேலை போலும். 2021இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டிஷ் வீரர் டாம் டேலி, பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து பின்னினார். பதக்கத்திற்கே ஓர் உறை பின்னிக்கொண்டார்.

எது யாருக்கு உரியது என்று பிறர் முடிவுசெய்தால் என்னவாகும் என்பதை எங்கள் தலைமுறை அறியும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் படிப்பில் மாணவியர்க்கு மூன்றிலொரு பங்கே இடம் என்ற வரம்பு 1979இல் வந்தது, 2003இல்தான் நீங்கியது.

ஆயினும் அச்சிறுவனைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. நாற்காலி தூக்கப் பையன்களையும் வகுப்பறையைக் கூட்டப் பெண்பிள்ளைகளையும் இத்தனை ஆண்டுகள் அழைத்தவள் நான்தானே?

கேட்டவனுக்காக ஒரு சோடி ஊசி வாங்கினேன். சிரித்தவனுக்கும் ஒன்று வாங்கியிருக்கிறேன்.