பொத்தானுக்குப் பின்னே

தர்மபுரத்து மாணவன் ஒருவன், மண்ணின் ஈரத்தை அளந்து தோட்டத்து நீர்ப்பம்பியைத் தானே இயக்கும் சிறு பொறியொன்றை அமைக்க முனைகின்றான் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டுயினோ ஊனோ மூன்றாம் திருத்தப் பலகை அவன் கையிலுண்டு. திரையிலுள்ள பொத்தானை அழுத்துகின்றான்; செய்நிரல் பலகைக்குச் சென்றுவிடுகின்றது. நாமும் கைதட்டுகின்றோம். ஆயின், அப்பொத்தானுக்குப் பின்னே நிகழ்வது யாதென அவனுக்கு எவரும் கூறுவதில்லை. இதனைப் பெருங்குறையென்றே நாம் கருதுகின்றோம்.

தொகுப்பான், அதாவது கொம்பைலர், தருவது முடிந்த பண்டமன்று. எப்பகுதி எம்முகவரியில் அமர்தல் வேண்டும் என்பதை இணைப்பானே வகுக்கும். ஊனோவிற் செய்நிரலுக்கு 32 கிலோபைட்டும், ஓடும்போது மாறும் தரவுகளுக்கு 2 கிலோபைட்டுமே உள. தொடக்கப் பெறுமானமுள்ள மாறிகள் முன்னதிற் காக்கப்படும். மின்சாரம் வந்ததும் அவற்றைப் பின்னதிற்கு எடுத்துவைக்கத் தொடக்கநிரல் ஒன்று வேண்டும். இவையெல்லாம் பொருந்திய பின்னரே ஹெக்ஸ் கோப்பு உண்டாகும்.

அம்மாணவன் நாளை ஏ.ஆர்.எம். சில்லொன்றை எடுத்து, வேறொருவர் முன்னரே தொகுத்துவைத்த நூலகக் கோப்பையும் சேர்ப்பானாயின், தொல்லை அங்கேதான் தொடங்கும். ஒன்று தசம எண்களைத் தனிப்பதிவகங்களிலும், மற்றையது பொதுப்பதிவகங்களிலும் கையளிக்கலாம். அப்போது இணைப்பான் மறுத்துவிடும், அது நன்மையே. தரவுக் கட்டமைப்பின் இடைவெளிகளை இருபகுதியும் வெவ்வேறாகக் கணித்திருப்பின் இணைப்பான் பெரும்பாலும் வாய்திறவாது. ஈரம் வேறோர் எண்ணாகப் படிக்கப்படும். பம்பி நள்ளிரவில் ஓடும். விவசாயி பழிப்பது பையனையே!

சென்னை ஐ.ஐ.டி.யினர் சக்தி என்னுஞ் செயலியை, 2010இல் பேர்க்கிலியிற் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் எனும் திறந்த கட்டளைத்தொகுதியின்மேல் அமைத்தனர். அதனால் உலகோர் ஆக்கிய ஜி.சி.சி. தொகுப்பானே அவர்களுக்கும் உதவிற்று. எனினும், தத்தம் பலகைகளுக்குரிய இணைப்புக் குறிப்பையும் தொடக்கநிரலையும் அவர்களே எழுதி வழங்கவேண்டியிருந்தது. பொதுத் தொகுப்பான் எமது பலகையின் நினைவக அமைப்பை எங்ஙனம் அறியும்?

யூபிலி நிதியில் மேலும் பலகைகள் வாங்கலாம் என்பாருளர். நாம் அதற்கு உடன்படோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடம் இருக்கின்றது. அங்குள்ள மாணவரை ஒரு தவணைக்கு அழைத்து, பொத்தானைத் தொடாது ஒவ்வொரு படியையும் கட்டளையாகத் தட்டெழுதி, இணைப்பான் தரும் நினைவக வரைபடத்தை வாசிக்கக் கற்பிக்கச் செய்வோமாக. பழைய பலகைகள் நான்கு இருந்தாற் போதும்.