ஒட்டினாலும் ஓவியம்தான்!



ஓவியப் போட்டி என்றாலே நமக்கு சார்ட் பேப்பரும் கலர் பென்சிலும்தான் ஞாபகம் வரும். பழைய வாரப் பத்திரிகையில் இருந்து படம் வெட்டி ஒட்டிக் கொண்டுபோனால், "இது நீ வரைஞ்சதா? சும்மா ஒட்டினதுதானே!" என்று ஓரமாக வைத்துவிடுகிறார்கள். ஒட்டுவதும் ஓவியம்தான் என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன், கேளுங்க.

இந்தக் கலைக்கு 'கொலாஜ்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'ஒட்டுதல்' என்று அர்த்தம். 1912-ல் பிக்காசோ ஒரு படத்தில் பிரம்பு நாற்காலியை வரையவே இல்லை. பிரம்புப் பின்னல் அச்சடித்த மெழுகுத் துணியை அப்படியே ஒட்டினார். படத்தைச் சுற்றி ஒரு கயிற்றையும் வைத்தார். அவருக்கு வரையத் தெரியாதா என்ன?

அவ்வளவு தூரம் போவானேன்! நமக்குப் பக்கத்தில் செட்டிநாட்டில், ரவிவர்மாவின் சாமி படங்களுக்கு நிஜத் துணியில் சேலை கட்டி, ஜரிகையும் சம்கியும் மணியும் ஒட்டி அலங்கரித்திருக்கிறார்கள். ரவிவர்மா அச்சகம் 1894-ல் பம்பாயில் தொடங்கியது. அச்சில் ஒரே மாதிரி வந்த லட்சுமி, அலங்காரம் செய்த பிறகு அந்த வீட்டு லட்சுமி ஆகிவிட்டாள். செய்தவர்கள் பேர்கூட நமக்குத் தெரியாது. அதுவும் கொலாஜ்தானே!

சாந்திநிகேதன் ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜி ஐம்பது வயதைத் தாண்டிப் பார்வையை முழுசாக இழந்தார். அதோடு நின்றாரா? வண்ணக் காகிதங்களைக் கத்தரித்து ஒட்டிப் படங்கள் செய்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ரே 1972-ல் அவரைப் பற்றி ஒரு படமே எடுத்தார். சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர், உடைந்த வளையலையும் பீங்கானையும் பொறுக்கி யாருக்கும் தெரியாமல் சிற்பங்கள் செய்தார். அந்தப் பாறைத் தோட்டம் 1976-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நம்ம ஊரில் பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற சாமான்தான் அங்கே கலை!

"படம் ரெடியா இருக்கு, நீ என்ன செஞ்ச?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். நூறு பக்கம் புரட்டி ஒரு முகத்தை எடுக்கிறோம். அதன் பக்கத்தில் பஸ் டிக்கெட்டை வைப்பதா, தீப்பெட்டிப் படத்தை வைப்பதா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம். அந்த யோசனைதான் எங்கள் வேலை. பசை கடைசியில் வருவது.

ஆனா ஒண்ணு. கண்டதையெல்லாம் வெட்டக் கூடாது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதியர் சேர்த்து உருவாக்கிய ஞானாலயா நூலகத்தில், புத்தகங்களோடு பழைய தமிழ்ப் பத்திரிகைகளையும் பாதுகாத்தார்கள். அங்கே இருப்பவையும் ஒரு காலத்தில் யாரோ எடைக்குப் போட்டிருக்கக் கூடியவைதானே? ஒரு இதழின் கடைசிப் பிரதி நம் கையில் இருந்து, அதில் நாம் கத்தரியை வைத்துவிட்டால், பிறகு யார் தேடினாலும் கிடைக்காது. அதனால் வெட்டும் முன் அட்டையில் வருஷத்தைப் பாருங்கள். நம்ம தாத்தா காலத்துப் புத்தகம் என்றால் ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை வெட்டுங்கள். போன மாதப் பத்திரிகை என்றால் தாராளமாக வெட்டலாம். எதை வெட்டக் கூடாது என்று தெரிந்தவர்தான் நல்ல கொலாஜ் கலைஞர் என்பேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஓவியப் போட்டியில் 'ஒட்டுப்பட'த்துக்குத் தனிப் பிரிவு வையுங்கள். பெயிண்ட் டப்பா வாங்க வசதி இல்லாதவர்களும், கோடு நேராக வராதவர்களும் தைரியமாகப் பேர் கொடுப்பார்கள். பழைய பேப்பரும், ஒரு கத்தரியும், வீட்டில் காய்ச்சிய மைதாப் பசையும் போதும்.

நண்பர்களே, நாளைக்கே வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். எடைக்குப் போடும் முன் ஒரு தடவை புரட்டுங்கள்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, கீரனூர்