நம்பர் பிளேட் இல்லையென்றால் நடைபாதை சொந்தமா?



"சார், இந்த பேட்டரி ஸ்கூட்டருக்கு லைசென்சும் வேண்டாம், ஆர்.சி.யும் வேண்டாம். ஏரிக்கரையில் ஓட்டினால் என்ன தப்பு?" என்று கேட்கிறீர்கள். தப்புதான். ஏன் என்று சொல்கிறேன்.

மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது 'மோட்டார் வாகனம்' ஆகாது என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள். பதிவும் உரிமமும் வேண்டாம், அவ்வளவுதான். நடப்பவர்கள் நடுவே புகுந்து ஓட்டலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது? பரீட்சைக்கு ஃபீஸ் இல்லை என்றால் பரீட்சையே இல்லை என்று ஆகிவிடுமா?

நடப்பவர் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். வண்டி 25. வேகம் 5 மடங்கானால் அதே எடைக்கு மோதும் ஆற்றல் 25 மடங்கு. எட்டாம் வகுப்புக் கணக்கு இது. ஒரு நொடியில் 7 மீட்டர் வந்துவிடும், சத்தமும் இருக்காது. காது மந்தமான பெரியவர் எப்படி விலகுவார்?

சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 2019 செப்டம்பரில் சைக்கிளில் போன 65 வயதுப் பெண் ஒருவர் மின் ஸ்கூட்டர் மோதி இறந்தார். அந்த நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின் ஸ்கூட்டருக்கு அங்கே தடை. ஆனால் மின் சைக்கிளை ஒழித்துவிடவில்லை. 16 வயது நிறைந்து, தேர்வு எழுதித் தேறியவர் சைக்கிள் பாதையிலும் சாலையிலும் ஓட்டலாம்.

அதுதான் நியாயம். அடியோடு தடை செய் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கும், முழங்கால் வலிக்காரருக்கும் இந்த வண்டி பெரிய உதவி. அவர்கள் சாலையில் போகட்டும். ஏரிக்கரை, பாலாற்றங்கரை, பள்ளி மைதானம் என்று மக்கள் நடக்கிற இடத்தில், காலையிலும் மாலையிலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். மற்ற நேரத்தில் 10 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கு எப்போதும் வழி விடுவோம்.

பெற்றோரான என் மாணவர்களுக்கு ஒன்று. மகன் கேட்கிறான் என்று மெக்கானிக்கிடம் சொல்லி வேகத்தைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். 25-ஐத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். உரிமமில்லாத சிறுவன் அதை ஓட்டிக் குற்றம் நடந்தால், 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை.

நடப்பவருக்கே முதல் உரிமை என்று பலகை வைக்கச் சொல்லி நம் பேரூராட்சிக்கு மனு எழுதப் போகிறேன். பள்ளிகொண்டாவில் இருப்பவர்கள் கையெழுத்துப் போட வாருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், காரணத்தோடு.