பிணம் அமர்ந்த அரியணை



அரண்மனைச் சூழ்ச்சி, அதனிடையே காதல், இரண்டுக்கும் மேலாக ஓர் ஆவி! இவற்றைக் குழைத்துத் திரைக்கதை தீட்டலாமா, பகுத்தறிவு பேசும் நமக்கு அது தகுமா என்று நாடகம் எழுதும் தோழர்கள் சிலர் தயங்குகின்றனர். பேயைக் காட்டினால் பேதை மக்கள் பேயை நம்பிவிடுவரே என்பது அவர்தம் அச்சம். அஞ்சுவதில் தவறில்லை. எனினும் நான் கேட்பது வேறொன்று: திரையிலே வரும் அந்தப் பேய் யாருக்கு வேலை செய்கிறது?

கொரிய நாட்டினர் 2019-ஆம் ஆண்டு 'கிங்டம்' எனும் தொடரை வெளியிட்டனர். எழுதியவர் கிம் உன்-ஹீ எனும் பெண்மணி. காலம், சோசன் மன்னராட்சி. ஜப்பானியப் படையெடுப்பு ஓய்ந்து சில ஆண்டுகளே ஆன நேரம். மன்னன் மாண்டான். ஆனால் மாண்டான் என்று எவரும் சொல்லக் கூடாது! ஏன்? அரசிக்கு இன்னும் பிள்ளை பிறக்கவில்லை. அதற்குள் சாவுச் செய்தி பரவினால், காமக்கிழத்தியின் மகனான இளவரசனுக்கு முடி போய்விடும். அரசியின் தந்தை, முதலமைச்சர் சோ ஹாக்-ஜுவின் கொற்றம் சாய்ந்துவிடும். எனவே, மூலிகை ஒன்றின் துணையால் பிணத்தை எழுப்புகின்றனர். இரவெல்லாம் பூட்டிய மாளிகையில் பிணம் உறுமுகிறது; பகலிலே ஆணைகள் பிறக்கின்றன, மன்னன் பெயரால்! மன்னன் இறந்துவிட்டான் என்று சுவரொட்டி எழுதியோருக்குச் சிறை, சித்திரவதை. தந்தையின் முகத்தைக் காண வேண்டுமென்ற மகனுக்குத் துரோகிப் பட்டம்!

நோய் ஊருக்குள் புகுந்த விதத்தையும் கேளுங்கள். மன்னன் கடித்துக் கொன்ற மருத்துவ மாணவன் ஒருவனின் உடல், தொங்னே எனும் தென்புலத்து ஊரின் மருத்துவச் சாலைக்கு வருகிறது. அங்கோ நோயாளிகள் பட்டினி கிடக்கின்றனர். ஒருவன் அவ்வுடலை வெட்டிக் குழம்பாக்கி, மான் கறி என்று கூறி ஊட்டுகிறான். உண்டவர் மாள்கின்றனர், மாண்டவர் எழுகின்றனர், அப்போதும் பசியோடு! முனிவர் சாபமில்லை, முற்பிறவி வினையில்லை, வெறும் வயிறு. பிணக்கூட்டம் வருகிறது என்றதும் அதிகாரிகளும் பிரபுக்களும் என் செய்தனர்? கப்பலேறினர், குடிமக்களைக் கரையிலே விட்டுவிட்டு! (2020-இல் வந்த இரண்டாம் பகுதியில் வாள்வீச்சு மிகுந்துவிட்டது, எனக்கு அத்துணை சுவைக்கவில்லை.)

காதல் எங்கே என்பீர்கள். அத்தொடரில் அதற்குப் பெரிய இடமில்லை. காதலுக்காக ஜப்பானியர் 1953-இல் எடுத்த 'உகெட்சு' படத்தைக் காண வேண்டும். வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்க விருது பெற்றது. இயக்கியவர் மிசோகுச்சி. உலகப் போரில் அவர் நாடு வீழ்ந்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

பதினாறாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர். போர்க்காலத்துக் காசுக்கு ஆசைப்பட்டு, மனைவியையும் மகனையும் விட்டுவிட்டு மட்பாண்டம் விற்கச் சென்ற குயவனைச் சீமாட்டி வகாசா தன் மாளிகைக்கு அழைக்கிறாள். மயங்குகிறான், மணக்கிறான். அவளோ, நோபுநாகாவின் படையால் குலத்தோடு அழிந்தவள். காதல் என்னவென்று அறியாமலே செத்தவள். அதே வேளையில், குழந்தையைச் சுமந்து நடந்த அவன் மனைவி மியாகியை, அவள் கையிலிருந்த உணவுக்காகப் பட்டினிச் சிப்பாய்கள் ஈட்டியால் குத்துகின்றனர்.

மாளிகையிலே பிறந்தவள் ஒருத்தி, மண்குடிசையிலே வாழ்ந்தவள் ஒருத்தி. இருவரையும் ஆவியாக்கியது ஒரே போர். இதற்குமேல் போரைப் பற்றி மேடையேறி நான் என்ன முழங்கிவிடப் போகிறேன்?

எழுதும் தோழர்களே, உங்கள் படியில் ஆவி வரும் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அதைக் கொன்றவன் யார் என்று கதையில் எவரேனும் கேட்கிறார்களா? இல்லையேல், மந்திரவாதியின் வேப்பிலைக்கும் உங்கள் பேனாவுக்கும் வேறுபாடு ஏது?

குயவன் மனம் தெளிந்து இரவிலே வீடு திரும்புகிறான். மியாகி அடுப்பேற்றி, சோறு சமைத்து, அவனை உறங்க வைக்கிறாள். விடிந்ததும் அவள் இல்லை; இறந்து நாளாயிற்று என்கிறார் ஊர்த்தலைவர். படத்தின் இறுதியில் அவன் மீண்டும் சக்கரம் சுழற்றுகிறான்; சிறுவன் தன் கலயத்துச் சோற்றை எடுத்துப்போய்த் தாயின் கல்லறை முன் வைக்கிறான்.