வேறு தெருவிலிருந்து ஒரு பெயர்



நம் இதழ் சார்பில் ஆண்டுதோறும் இளைஞர்களுக்கு ஒரு விருது வழங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் வாழும் 15 முதல் 25 வயது வரையிலான ஆண், பெண், திருநர் எல்லோருக்கும் உரியது இது. ஒரு பெட்டிச் செய்தியில் அறிவித்துவிடக்கூடியதுதான். ஆனால் யாரைத் தேடுகிறோம், எப்படித் தேடப்போகிறோம் என்பதை முதலில் உங்களிடம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் தேடப்போவது நீங்கள்தான்.

சிறு வயதில் ஊர் தரும் மரியாதை என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த சுப்பையாவுக்கு 11 வயதில் அவ்வூர்ப் புலவர்கள் ‘பாரதி’ என்று பட்டம் தந்தார்கள். அப்பா சின்னசாமி அய்யருக்கோ மகன் கணக்கும் இங்கிலீஷும் படித்து மேலே வர வேண்டும் என்றுதான் எண்ணம். சுப்பையாவின் தோழர் சோமசுந்தரத்துக்கும் பாரதிப் பட்டம் அந்த ஊரில் கிடைத்ததுதான். நாவலர் சோமசுந்தர பாரதி என்று பின்னாளில் தமிழுலகம் கொண்டாடியது அவரைத்தான். சுப்பிரமணிய பாரதியின் ‘ஸ்வதேச கீதங்கள்’ அச்சானது 1908இல். பட்டமோ அதற்குப் பதினைந்து ஆண்டுகள் போல முன்னாலேயே வந்துவிட்டது. நூலொன்றும் இல்லாத, பெயரொன்றும் எடுக்காத ஒரு பையனைப் பெரியவர்கள் உட்காரவைத்து, அவன் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அது ஒரு சமஸ்தானத்து ஊரின் சிறிய காரியம்தான். அந்தச் சிறிய காரியத்தைத்தான் நாமும் செய்ய நினைக்கிறோம்.

பெயர் வாங்கிய பிறகு மாலை போட ஆயிரம் பேர் வருவார்கள். திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கரை உலகம் பார்த்தது 2021இல், கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் அவர் பேசியபோது. தெருவில் இஸ்திரி போடுகிறவர் கரியை எரித்துவிட்டுக் கொட்டுவதைப் பார்த்து, சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை யோசித்தவர் அவர். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2019இல், தேசியப் புத்தாக்க நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளுக்காக அப்துல் கலாம் பெயரில் வழங்கும் இக்னைட் விருதை அவருக்குத் தந்துவிட்டது. எனக்கு கிளாஸ்கோ மேடையைவிட அந்த 2019தான் பெரிதாகப்படுகிறது. ஒரு சிறுமியின் யோசனையை யாரோ பொறுமையாக எடுத்து, படித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அறிவியல் மட்டும்தானா என்றால் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. பக்கத்திலிருந்த புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கி அவர்களுக்குப் போட்டார்கள். தாமிரபரணிக் கரையில் ஊருக்கு ஊர் வயதானவர்களைத் தோளில் தூக்கிவந்ததும், மார்பளவு தண்ணீரில் மாத்திரையும் பாலும் கொண்டுபோய்க் கொடுத்ததும் பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள். அரசாங்கக் கோப்பில் வெள்ளச் சேதம் இருக்கிறது, நிவாரணத் தொகை இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது?

நம் மாவட்டங்களில் பரிசளிப்பு விழாக்களுக்குப் பஞ்சமில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்த கையோடு, ஒவ்வொரு சமுதாயச் சங்கமும் தன் பிள்ளைகளில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களை மேடையேற்றிக் கேடயமும் ரொக்கமும் தருகிறது. அந்த ரொக்கத்தால் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் ஏராளம். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஒரு பிள்ளை தன் வாழ்க்கையில் வாங்கும் முதல் கைதட்டல் சொந்தச் சாதியிடமிருந்து மட்டுமே வருமானால், அடுத்த தெரு தன்னை எப்படிப் பார்க்கிறது என்று அதற்குத் தெரியவே போவதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அந்த வழக்கில் பிடிபட்டவர்களும் பள்ளி மாணவர்கள்தான். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைப் பள்ளிகளில் தடுக்க வேண்டும் என்று சொன்னது. கயிறை ஆசிரியர் அறுத்துவிடலாம். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்க வேறு தெருவிலிருந்து ஒருவர் வர வேண்டுமே!

ஆகவே இந்த விருதுக்குச் சில கண்டிப்பான விதிகள் வைத்திருக்கிறோம். யாரும் தனக்குத் தானே விண்ணப்பிக்க முடியாது. பெயரை அனுப்புகிறவர் உறவினராக இருக்கக் கூடாது. அதை வழிமொழிய இரண்டு பேர் வேண்டும். அந்த இருவரில் ஒருவராவது வேறு தெருக்காரராக, வேறு சமூகத்தவராக இருக்க வேண்டும். இப்படி வைத்தால் பெயர்கள் குறைவாகத்தான் வரும் என்று ஆசிரியர் குழுவில் ஒரு தங்கை சொன்னார். வரட்டும். முதல் ஆண்டில் ஐந்தே பெயர் வந்தாலும், ஐந்து ஊர்களில் ஒரு தெரு இன்னொரு தெருவின் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கும்.

வயது வரம்பைப் பற்றிக் கேட்பீர்கள். மாநில இளைஞர் விருது 15 வயதிலிருந்து 35 வரை. சாகித்ய அகாடமியின் யுவ புரஸ்காரும் 35 வரை. நாம் 25 என்று நிறுத்தியதற்குக் காரணம், நம் பிள்ளைகள் அந்த வயதுக்குள் திருப்பூருக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். ஊரில் இருக்கும்போதே ஊர் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. இதை எழுதும்போது மனம் கனக்கிறது. விருது வாங்கும் ஏழைப் பிள்ளையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் வறுமையைத்தான் முதலில் எழுதுகிறார்கள். அப்பாவின் குடி, ஒழுகும் கூரை, அம்மா வேலை செய்யும் வீடு எல்லாம் அச்சில் வந்துவிடும். மறுநாள் அந்தப் பிள்ளை அதே பள்ளிக்கூடத்துக்கு, அதே பஸ்ஸில் போக வேண்டும். நம் இதழில் அவர்கள் செய்த காரியம் மட்டுமே வரும். வீட்டு நிலைமையை எழுதலாமா என்பதை அவர்கள் சொல்லட்டும். வேண்டாம் என்றால் ஒரு வரியும் வராது. படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைப் பள்ளிக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பெயரை யாராவது அனுப்பினால், விருது வேண்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்போம்.

ஆண்டுக்கு மூன்று பேர். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. பணமுடிப்பு இருக்கும், வாசகர்கள் தரும் நன்கொடையில் ஒரு ரூபாயும் பொன்னாடைக்கோ பிளெக்ஸ் பேனருக்கோ போகாது. பணத்தைவிட முக்கியமாக ஒன்று தர நினைக்கிறோம்: ஓராண்டுக்கு ஒரு துணை. வங்கிக் கடன் மனு எழுதவோ, கல்லூரியில் சேரவோ, ஒரு பட்டறையில் தொழில் பழகவோ கூட நின்று உதவ ஒரு மூத்தவர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், செவிலியர்கள், ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர்கள் இதற்கு முன்வர வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களால் ஒதுக்க முடிந்தால் போதும்.

விழா நகரத்து மண்டபத்தில் நடக்காது. தேர்வாகிறவரின் ஊரில், அவர் படித்த பள்ளிக்கூடத்து மைதானத்திலேயே வைத்துக்கொள்வோம். வழிமொழிந்த வேறு தெருக்காரர்தான் விருதைக் கையில் கொடுப்பார்.

விருதுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தலைவர்கள் பெயர் வேண்டாம் என்பது மட்டும் தீர்மானம். நம் பக்கத்தில் ஒரு தலைவர் பெயரைச் சொன்னால் பாதி ஊர் விலகி நின்றுவிடுகிறது. பொருத்தமான பெயர் தோன்றினால் எழுதுங்கள். இளைஞர்களின் பெயரும் அவர்கள் செய்த காரியமும் ஒரு பக்கத்துக்கு மிகாமல், கையெழுத்திலேயே இருந்தாலும் சரி, மார்கழி முடிவதற்குள் அலுவலக முகவரிக்கு வந்து சேர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நம் முகவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லலாம். அவர்கள் எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி அனுப்பிவைப்பார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்