மருத்துவர் சந்தேகித்தால் பெற்றோர் எங்கே முறையிடுவது? பெர்லினிடம் நியாயம் கேட்கும் தில்லிக்கு ஒரு கேள்வி

புது தில்லி: காயமுற்ற குழந்தையைப் பெற்றோரே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கின்றனர். காயத்தைப் பார்த்த மருத்துவருக்குப் பெற்றோர் மீதே ஐயம் எழுகிறது. அடுத்த சில மணி நேரத்தில் குழந்தை அரசின் பொறுப்பிற்குப் போய்விடுகிறது. ஜெர்மனியின் பெர்லின் நகரில் வசித்த குஜராத் தம்பதிக்கு 2021 செப்டம்பரில் நேர்ந்தது இதுதான். அப்போது குழந்தைக்கு வயது ஏழு மாதம். பிறப்புறுப்புப் பகுதியில் ஏற்பட்டிருந்த காயம் தற்செயலானது என்றனர் பெற்றோர். மருத்துவமனை அதை ஏற்காமல் இளையோர் நல அலுவலகத்துக்குத் தகவல் தந்தது.

பாலியல் கொடுமை என்ற ஐயத்தின்பேரில் தொடங்கிய குற்ற விசாரணை, 2022 பிப்ரவரியில் குற்றச்சாட்டு ஏதும் பதியப்படாமலே முடிக்கப்பட்டது. ஆயினும் குழந்தை திரும்பவில்லை. காயம் தற்செயலானது என்ற விளக்கத்தை நிராகரித்த பெர்லின் குடும்ப நீதிமன்றம், குழந்தையின் பொறுப்பை 2023 ஜூனில் இளையோர் நல அலுவலகத்திடமே ஒப்படைத்தது.

இவ்விவகாரம் தில்லியில் கட்சி எல்லைகளைக் கடந்தது. 19 கட்சிகளைச் சேர்ந்த 59 நாடாளுமன்ற உறுப்பினர்கள் 2023 ஜூனில் ஜெர்மன் தூதருக்குக் கூட்டாகக் கடிதம் எழுதினர். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், 2022 டிசம்பரில் அன்றைய ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் அனலேனா பேர்பாக்கிடமும், 2025 செப்டம்பரில் அவருக்குப் பின் வந்த யோஹன் வாடஃபூலிடமும் இதை எழுப்பினார். குழந்தை தன் மொழி, சமயம், பண்பாட்டுச் சூழலில் வளர வேண்டும் என்பது இந்தியாவின் வாதம்.

அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் இதே நிலை ஒரு தில்லி மருத்துவமனையில் எழுந்தால், நம் பெற்றோருக்கும் நம் குழந்தைக்கும் நாம் எத்தகைய நடைமுறையை வைத்திருக்கிறோம் என்ற கேள்வியும் உடனெழுகிறது.

ஐயம் உண்மையானபோது

மருத்துவர் ஐயப்படுவதே தவறு என்று கூறிவிட முடியாது. 2012 ஜனவரியில் தில்லி எய்ம்ஸ் விபத்து சிகிச்சை மையத்துக்கு இரண்டு வயதுப் பெண் குழந்தையை, தாய் என்று கூறிக்கொண்ட ஒரு சிறுமி கொண்டு வந்தாள். தலையில் பலத்த காயம், உடலெங்கும் கடித்த தடங்கள். சிறுமி தந்த விளக்கத்தை மருத்துவர்கள் நம்பவில்லை. அதைத் தொடர்ந்த விசாரணையில்தான் பெண்களையும் குழந்தைகளையும் விற்கும் கும்பல் ஒன்று வெளிப்பட்டது. அக்குழந்தை அதே ஆண்டு மார்ச் 15-ல் உயிரிழந்தது.

குடும்பத்துக்குள் கொடுமை நேராது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. மூவரில் இருவர் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாக அது கண்டறிந்தது. குடும்பச் சூழலில் துன்பத்துக்குள்ளானோரில் 88.6 சதவீதத்தினரை அடித்தவர்கள் பெற்றோரே.

இதைவிட நுட்பமான மற்றொரு வகையும் உண்டு. இல்லாத நோயைப் புனைந்தோ, நோயை உண்டாக்கியோ குழந்தையைத் தேவையற்ற சோதனைக்கும் சிகிச்சைக்கும் பெற்றோரே உட்படுத்துவது. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் ராய் மெடோ, 1977-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இதை முதன்முதலாக விவரித்தார். இவ்வகையில் கொடுமைக்குக் கருவியாவது மருத்துவரின் கையே என்பதால், மருத்துவமனைகள் இதற்குப் பெரிதும் அஞ்சுகின்றன.

ஐயம் பொய்த்தபோது

அதே ராய் மெடோவின் சாட்சியம்தான் பின்னாளில் ஒரு தாயைச் சிறைக்கு அனுப்பியது. இரு கைக்குழந்தைகளைக் கொன்றதாக இங்கிலாந்தின் பெண் வழக்கறிஞர் ஒருவருக்கு 1999-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இத்தகைய குடும்பத்தில் இரு குழந்தைகள் இயற்கையாகத் திடீரென இறக்கும் வாய்ப்பு 7.3 கோடியில் ஒன்று என்று மெடோ கூறியிருந்தார். அக்கணக்கு தவறானது என அந்நாட்டின் புள்ளியியல் கழகம் அறிவித்தது. குழந்தையின் உடலில் நோய்த்தொற்றைக் காட்டிய ஆய்வு முடிவுகள் மறைக்கப்பட்டிருந்ததும் தெரிய வந்தது. 2003-ல் விடுதலையான அப்பெண், 2007-ல் இறந்தார்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2016-ல் 10 வயதுச் சிறுமி ஒருத்தியைத் தாயிடமிருந்து பிரித்து மருத்துவமனையிலேயே வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. தாய் 2017 ஜனவரியில் தற்கொலை செய்துகொண்டார். குடும்பத்துக்கு 26 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்க நடுவர் குழு 2023-ல் தீர்ப்பளித்தது. ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025-ல் அதை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. நல்லெண்ணத்துடன் ஐயத்தைத் தெரிவிப்போருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பின் எல்லை எது என்பதே அங்கு மையக் கேள்வி.

தமிழகத்துக்கும் இது புதிதன்று. விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த கைக்குழந்தை ஒன்று தீக்காயங்களுடன் 2013-ல் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், தானாகவே தீப்பற்றியதாகப் பெற்றோர் கூறியதும் நினைவிருக்கலாம். அதற்கு மருத்துவச் சான்று ஏதும் கிடைக்கவில்லை. யாரேனும் தீங்கு விளைவித்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது, பெற்றோர் மறுத்தனர். 2015 ஜனவரியில் அடுத்து பிறந்த குழந்தையும் தீக்காயத்துடன் அதே மருத்துவமனைக்கு வந்தது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

நம் நாட்டில் பாலியல் கொடுமை குறித்துச் சட்டம் தெளிவாக உள்ளது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. தகவல் அறிந்தும் தெரிவிக்காத மருத்துவர் மீதான வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது செல்லாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லெண்ணத்துடன் தகவல் தருவோருக்குப் பாதுகாப்பும் உண்டு.

உடல்ரீதியான கொடுமைக்கும், புனைந்த நோய்க்கும் இத்தகைய வெளிப்படையான கட்டாய விதி இல்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்போர் இழைக்கும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆனால் அதை முதலில் காணும் மருத்துவர் யாரைக் கலந்தாலோசிக்க வேண்டும், பெற்றோரிடம் என்ன கூற வேண்டும் என்று வகுக்கவில்லை. ஆகவே எல்லாமே பணியிலிருக்கும் மருத்துவரின் துணிவையோ தயக்கத்தையோ பொறுத்ததாகிவிடுகிறது. ஒருவர் அனைத்தையும் சந்தேகிப்பார். வேறொருவர் காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய அஞ்சி, 'படுக்கையிலிருந்து விழுந்தது' என்று எழுதி அனுப்பிவிடுவார்.

இரண்டுமே ஆபத்து. எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோயில் கைபட்டாலே முறிவு நேரும். இரத்தம் உறையாக் குறைபாட்டில் காரணமின்றி உடலில் கன்றிப்போகும். ஆசியக் குழந்தைகளின் முதுகில் பிறவியிலேயே காணப்படும் நீலத் திட்டுகளை, அவற்றை அதிகம் கண்டிராத மேலைநாட்டு மருத்துவர்கள் அடிபட்ட தடமாகக் கருதியதும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய ஒரு மருத்துவரின் ஒருநாள் பார்வை போதாது.

ஐயப்படுவது வேறு, தீர்ப்பளிப்பது வேறு

இப்பிரிவினையே இங்கு தேவைப்படுவது. ஐயத்தைத் தெரிவிப்பது மருத்துவரின் கடமையாக இருக்கட்டும். ஆனால் அவரது ஐயமே தீர்ப்பாகிவிடக் கூடாது. குழந்தை மருத்துவர், கதிரியக்க நிபுணர், மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் ஆகியோர் கொண்ட குழு பெரிய அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். முதலில் ஐயப்பட்டவர் அதில் முடிவெடுப்பவராக இருத்தல் ஆகாது. வேறொரு மருத்துவமனையின் இரண்டாவது கருத்து, குறித்த நாளுக்குள் பெறப்பட வேண்டும். ஐயத்தின் காரணங்கள் பெற்றோருக்கு அவர்தம் மொழியில் எழுத்து மூலம் தரப்பட வேண்டும்.

இளைஞர் நீதிச் சட்டப்படி, சமூக விசாரணை 15 நாள்களிலும் குழந்தைகள் நலக் குழுவின் இறுதி ஆணை நான்கு மாதங்களிலும் வரவேண்டும். மேற்பார்வையுடன் குழந்தையைப் பெற்றோரிடமே ஒப்படைக்கவும் அக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எக்ஸ்-ரே படத்தையும் இரத்தப் பரிசோதனையையும் எடைபோடும் தேர்ச்சியைக் குழு உறுப்பினர் எல்லோரிடமும் எதிர்பார்க்க இயலாது. அங்கு மருத்துவரின் ஒரு வரிக் குறிப்பே தீர்ப்பை எழுதிவிடக்கூடும்.

மாதங்கள் செல்லச் செல்ல, கைக்குழந்தை தாயின் முகத்தையும் தாய்மொழியையும் மறக்கிறது. பெர்லின் வழக்கு காட்டும் பெருந்துயரம் இதுவே. பிரிந்திருந்த காலமே, பிரித்து வைப்பதற்குக் காரணமாகிவிடுகிறது. மறுபுறம், எய்ம்ஸுக்கு வந்த அக்குழந்தைக்காக அதற்கு முன்பே ஒருவர் ஐயப்பட்டிருந்தால், அது பிழைத்திருக்கக்கூடும்.

ஜெர்மனியிடம் இந்தியா கேட்பது விரைவான, பாரபட்சமற்ற விசாரணையையும் குழந்தையின் வேர்களுக்கான மதிப்பையும். கேட்பதில் தவறில்லை. அதே நியாயத்தை உள்நாட்டு மருத்துவமனைகளில் விதியாக எழுதி வைத்துவிட்டுக் கேட்டால், தில்லியின் குரலுக்கு மேலும் வலு கூடும்.